சுத்தமான நாடாக்கள்

அந்தப் பேராசிரியையின் காது சாதாரணக் காது இல்லை. என்றைக்கோ ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பாடிய பாட்டை இன்றைக்குக் கேட்டாலும், அதே சுருதியில், அதே வேகத்தில், நடுவில் ஒருவன் மூச்சு வாங்கிய இடம் உட்பட எடுத்துப் பாடிக் காட்டுவார். அடுப்பில் கெட்டில் கூவினால், "நேத்தைவிட அரை சுரம் கீழ கத்துது, தண்ணி அளவு மாறிப்போச்சு" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரர் கார் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அலுவலகத்தில் அவருக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுகிற அம்மா அது.

அப்பேர்ப்பட்ட காதுக்கு, கட்டிய கணவரின் குரல் மறந்துபோய்விட்டது. இதை எங்கே போய்ச் சொல்வது?

அவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் குரல் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. தொண்டையில் கட்டி வந்து, உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்று மருத்துவர் கேட்டு, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார். மேஜையைத் தட்டிப் பேசுவார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் முடியாது, விரல்களால் படபடவென்று தட்டினால் 'உன் பிரசங்கம் போதும், ஆளை விடு' என்று அர்த்தம். கண்ணும் புருவமும் தோளும் சேர்ந்து பேசியதில் வீட்டில் பேச்சுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவருக்குக் குரல் இல்லை என்பதே பல நாள் பேராசிரியைக்கு நினைவில் இருக்காது.

அவர் போன பிறகு ஒரு காலைப்பொழுதில், கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா ஓர் ஆசையில், அவர் தன்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். முனைவர் பட்டம் வாங்கிய நாளிலிருந்து கேலியாக ஆரம்பித்து, கடைசியில் அதுவே பெயராகிவிட்டது. வார்த்தை வந்தது. குரல் வரவில்லை. மறுபடி முயன்றார். கனத்த குரலா, மெல்லிய குரலா? கனத்ததுதான். கனத்தது என்று தெரிகிறது, ஆனால் கேட்கவில்லை. ஒரு சட்டையைப் பிழியாமலே கொடியில் போட்டுவிட்டு, அது சொட்டச் சொட்ட அதன் கீழேயே நின்றார்.

சரி, எங்கேயாவது பதிவில் இருக்கும், எடுத்துக் கேட்டால் போகிறது என்றுதான் முதலில் நினைத்தார். ஆயுள் முழுக்க ஊரான் வீட்டுக் குரலையெல்லாம் பதிவு செய்தவர் இல்லையா! அப்படி நினைத்த மறுகணமே, வீட்டுக்குள் போகத் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏன் என்று புரிய வேண்டுமானால் அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மக்களிசை ஆய்வு என்று சொன்னால், "அப்படியா, மேடையில பாடுவீங்களா?" என்று கேட்கிற உலகம் இது. அவர் பாடவில்லை. பாடுகிறவர்களைத் தேடிப் போனார். அதிலும் வேலை செய்துகொண்டே பாடுகிறவர்கள்தான் அவருடைய ஆட்கள். வலை இழுக்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், தொட்டில் ஆட்டுகிறவர்கள்கூட. பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார்? இவ்வளவுதான் அவருடைய கேள்வி. சொல் முடிகிற இடத்தில் மூச்சு என்று அதுவரை அறிஞர்களெல்லாம் எழுதிவைத்திருந்தார்கள். பேராசிரியை கேட்டுக் கேட்டு, தாளில் வரைந்து வரைந்து பார்த்து, அதெல்லாம் இல்லை, கைதான் மூச்சை முடிவு பண்ணுகிறது என்றார். சம்மட்டி மேலே போகும்போது மூச்சு உள்ளே. இறங்கும்போது வெளியே. நடுவில் சொல் உடைந்தால் உடையட்டும். அப்படி ஒடித்துப் பாடுவதில்தான் அந்தப் பாட்டின் அழகே இருக்கிறது என்று புத்தகம் எழுதினார். முதலில் சிரித்தார்கள். அப்புறம் சண்டைக்கு வந்தார்கள். அதற்கும் அப்புறம், ஆரம்பத்திலிருந்தே தாங்களும் அதைத்தான் சொல்லிவந்ததாக எல்லாரும் சொன்னார்கள். அந்தத் துறையில் ஒரு கருத்து ஜெயிப்பது இப்படித்தான்.

மூச்சைக் கேட்க வேண்டுமென்றால் பதிவு பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். அதற்காக அவர் ஒரு விதி வைத்தார். பாட்டு முடிந்தால் பட்டனை அமுக்கு. அரட்டை, சிரிப்பு, 'இன்னொன்னு பாடவா' என்கிற கேள்வி, எதுவும் ஒலிநாடாவில் ஏறக் கூடாது. தப்பித் தவறி ஏறிவிட்டால், அறைக்கு வந்ததும் பிளேடை எடுத்து அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட வேண்டும். களப்பணிக் கையேட்டில் இதை எழுதிவைத்தார். கையேடு கடல் தாண்டிப் போனது. முகம் தெரியாத மாணவர்களெல்லாம் எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு இந்த அம்மா சொன்னபடி பிளேடால் வெட்டினார்கள்.

கணவரோ காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். லீவு கிடைத்தால் போதும், மூட்டை மாதிரி கனக்கிற அந்த டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவியோடு கிளம்பிவிடுவார். இசையைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வாய் இருந்ததே! 'நான் பாடமாட்டேன், போங்க' என்று முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆளிடம் அவர் போய்க் கொஞ்ச நேரம் பேசினால், அந்த ஆள் தன் குடும்பக் கதையைச் சொல்லி, அழுது, சிரித்து, கடைசியில் பாடவும் செய்வார். பேராசிரியையின் புத்தகத்தில் இருக்கிற பாதிப் பாட்டுகள் அவருடைய வாய் வாங்கிக் கொடுத்தவை. முன்னுரையில் 'எந்திரத்தைச் சுமந்து வந்த என் கணவருக்கு நன்றி' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவர், "கழுதைக்கு நன்றின்னு போட்டிருந்தா இன்னும் சுருக்கமா இருந்திருக்கும்" என்றார். இந்த வாக்கியம் பேராசிரியைக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருந்தது. அது எப்படி ஒலித்தது என்பது மட்டும் போய்விட்டது.

வீட்டில் தேடினார். கல்யாண வீடியோவில், எடுத்த புண்ணியவான் எல்லார் பேச்சையும் அழித்துவிட்டு மேலே பாட்டைப் போட்டிருந்தான். கணவரின் வாய் அசைகிறது, பாட்டு ஓடுகிறது. மகள் சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் ஆடியதை அவர்தான் படம் எடுத்தார். படம் எடுத்தவர் அதிசயமாக அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. கையடக்க போன்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய குரல்வளை இல்லை.

"அம்மா, போட்டோ இருக்கு, சட்டை இருக்கு, கண்ணாடி இருக்கு. இப்போ குரல் எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள். "அப்பான்னா எனக்கு முதல்ல மேஜையில தட்டுற சத்தம்தான்மா வருது."

மகள் தட்டுகளைக் கழுவப் போனாள். பேராசிரியை மறுநாளே பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்துக்குப் போனார்.

காப்பகத்தில் ஒரு தொழில்நுட்பர் இருந்தார். அவருடைய காதுகளை இதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு ஹெட்போன் என்று பெயர். பேராசிரியையின் நாடாக்களையெல்லாம் கணினியில் ஏற்றிவைத்தவர் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பக்கத்துக் காதை மட்டும் திறந்தார்.

"மேடம், உங்க பதிவுல பேச்சு தேடுறீங்களா? நீங்களா?"

"ஏன், தேடக் கூடாதா?"

"தேடலாம். கடல்ல நல்ல தண்ணி தேடுற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

கிண்டல் பண்ணினாலும் மனுஷர் கூடவே உட்கார்ந்தார். நாள் நாளாகக் கேட்டார்கள். கல் உடைக்கிறவர்கள் பாடினார்கள், பாட்டு முடிந்தது, டப். வலை இழுக்கிறவர்கள் பாடினார்கள், டப். தொட்டிலில் குழந்தை தூங்கியது, டப். ஒவ்வொரு 'டப்'பும் பேராசிரியையின் சொந்த விரல். எவ்வளவு கச்சிதமான விரல்! கடைசி சுரம் அடங்கி, அடுத்த மூச்சு ஆரம்பிக்கிறதற்குள் விழுந்துவிடும். வகுப்பில் பெருமையடித்துக்கொண்ட அந்த விரலை இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை. கையை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு கேட்டார்.

ஒரு பிற்பகல் ஹெட்போன் பரபரப்பாகக் கையைத் தூக்கினார். எந்திரம் சரியான வேகத்தில் ஓடியதா என்று பிற்பாடு சரிபார்ப்பதற்காக, ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் சின்னச் சுருதிக் குழலில் ஒரு சுரம் ஊதி வைப்பது வழக்கம். அதை ஊதுவது கணவரின் வேலை. ஹெட்போன் அந்தச் சுரத்துக்கு முந்தைய இடத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

"கேளுங்க மேடம். ஊதுறதுக்கு முன்னாடி சார் மூச்சு இழுக்கிறார்."

பேராசிரியை கேட்டார். ஆமாம், மூச்சுதான். ஆண் மூச்சு, கொஞ்சம் அவசரமான மூச்சு. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூச்சைப் பற்றியே எழுதிப் பேர் வாங்கிய பெண்மணிக்கு அதில் தன் புருஷன் தெரியவில்லை. தெருவில் போகிற எவருடைய மூச்சாகவும் அது இருக்கலாம். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஹெட்போன் மேலேயே காட்டினார்.

"மூச்சை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது? அதுல ஆளே இல்லையே."

ஹெட்போன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டுக்குப் போகிற பேருந்தில்தான் பிசிறு ஞாபகத்துக்கு வந்தாள். பிசிறு அவருடைய மாணவி. அவள் எடுத்துவருகிற பதிவுகளில் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் குரைக்கும், யாராவது தும்முவார்கள், அவளே 'ஐயோ' என்பாள். அதனால் கணவர் வைத்த பெயர் அது. கல் குவாரிக்குப் போன கடைசிக் களப்பயணத்தில் அவளும் இரண்டாவது எந்திரத்தோடு கூட வந்திருந்தாள். பாட்டு முடிந்த பிறகும் பட்டனை அமுக்க மறந்து, பகல் முழுக்க எந்திரத்தை ஓடவிட்டுவிட்டாள். அதற்காக அவளைத் திட்டியது பேராசிரியைக்கு நன்றாக நினைவிருந்தது. பகல் முழுக்க என்றால், சாப்பாட்டு நேரத்தில் கணவர் அந்தக் கல்லுடைக்கிறவர்களோடு அடித்த அரட்டையெல்லாம் அதில் இருக்கும்!

அந்த நாடாவை வெட்டச் சொன்னோமா? சொல்லாமல் இருந்திருப்போமா என்ன! கட்டாயம் சொல்லியிருப்போம். ஆனால் பிசிறு என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாள்? ஆயுளில் முதல் தடவையாக, ஒரு மாணவி தன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க வேண்டுமே என்று பேராசிரியை மனசுக்குள் வேண்டிக்கொண்டார். பக்கத்து இருக்கைக்காரி, அம்மாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று திரும்பிப் பார்த்தாள்.

பிசிறு இப்போது வேறு ஒரு ஊரில் துறைத் தலைவி. வருஷா வருஷம் பேராசிரியையின் பெயரால் ஒரு சொற்பொழிவு நடத்துகிறாள். வருஷா வருஷம் கூப்பிடுவாள். உயிரோடு இருக்கும்போதே எனக்கு நினைவுச் சொற்பொழிவா என்று இவர் மறுத்துவிடுவார். இந்த வருஷம் அழைப்பு வருவதற்கு முன்னாலேயே போன் செய்து, "நான் வரேன்" என்றார். மறுமுனையில் பிசிறு சந்தோஷத்தில் எதையோ கீழே போட்டு உடைத்தாள்.

ரயில் நிலையத்துக்கு அவளே வந்து அழைத்துப்போனாள். தலை நரைத்திருந்தது. நடை மாறியிருந்தது. அந்தக் காலத்தில் செருப்பு வாரை அறுத்துக்கொண்டு ஓடிவருகிற பெண், இப்போது அடி அளந்து நடந்தாள். துறைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது: 'பாட்டு முடிந்தால் பட்டனை அமுக்கு.' கீழே பேராசிரியையின் படம். முறைத்துக்கொண்டு நின்றது.

ஆய்வு மாணவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். பஞ்சு பதித்த ஒலி அறையில் அவரை நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு மாணவி, "மேடம், நாங்க ஒரு மென்பொருள் செஞ்சிருக்கோம். நீங்கதான் முதல்ல பாக்கணும்" என்று திரையைத் திருப்பினாள். "பதிவை உள்ள போட்டா போதும். பாட்டு எது, பேச்சு எதுன்னு அதுவே கண்டுபிடிச்சு, பேச்சை எல்லாம் எடுத்துடும். ஒரு தும்மல்கூடத் தப்பாது."

"பேர் வெச்சிருக்கீங்களா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டாள். "மேடம்னுதான் பேரு, மேடம். 'பதிவை மேடம்ல போட்டாச்சா'ன்னு கேட்டுக்குவோம். இப்போ பல நாட்டுல இதைத்தான் வெச்சுக்கிறாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். திரையில் ஒரு பாட்டு நடுவில் அலையலையாக நின்றது. அதன் இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி மௌனம். பேராசிரியையும் கைதட்டினார். வேறு என்ன செய்வது? யாரோ ஒரு கிழவர் பாடி முடித்து, யாரோ ஒருத்தியிடம் ஏதோ சொல்லியிருப்பார். அதைத்தான் தன் பெயர் தின்றுவிட்டது என்று நினைத்தபோது கை பாதியில் நின்றுவிட்டது.

சொற்பொழிவில் என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது. பேசினார், கைதட்டல் விழுந்தது, முடிந்தது. அதற்குப் பிறகுதான் பிசிறு தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, டீ ஊற்றிக் கொடுத்தாள். மேஜையில் பழைய பிளேடு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"பசங்க எனக்கு பிளேடுன்னுதான் பேர் வெச்சிருக்காங்க மேடம். அறுக்கிறேன்னு இல்ல, இதை வெச்சிருக்கேன்னு. ரெண்டும்தான்னு வெச்சுக்குங்களேன்" என்று சிரித்தாள்.

பேராசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைக் குடிக்காமலே கேட்டார்.

"கல் குவாரிக்குப் போனோமே, கடைசியா. நீ எந்திரத்தை நிறுத்தாம விட்டியே. அந்த நாடா இருக்கா?"

"இருக்காவா? அதை வெச்சுத்தானே மேடம் நான் பெரிய ஆளானேன்!"

பேராசிரியை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "முழுசா இருக்கா? அதுல அவர் பேசினது இருக்கா?"

பிசிறின் முகத்தில் சிரிப்பு மெதுவாக அணைந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இந்த அம்மா எதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று.

"இருந்துச்சு மேடம். ஒரு பக்கம் முழுக்க சார் பேச்சுதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"நீங்க வெட்டச் சொன்னீங்க."

"நான் சொன்னா? நான் சொன்னதை நீ என்னிக்குடி கேட்டிருக்க?" பேராசிரியையின் குரல் உடைந்தது. "நாயைக்கூட வெட்டாமக் கொண்டுவந்து கொடுப்பியே!"

"அன்னிக்குக் கேட்டேன் மேடம்." பிசிறு தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லார் முன்னாடியும் திட்டினீங்க. உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலைன்னு கேட்டீங்க. அழுதுக்கிட்டே உக்காந்து ஒவ்வொரு துண்டா வெட்டினேன். அன்னியோட நான் மாறிட்டேன். என் முதல் கட்டுரைக்கு நீங்கதான் முன்னுரை எழுதினீங்க. இதைவிடச் சுத்தமான பதிவை நான் கேட்டதில்லைன்னு எழுதியிருந்தீங்க. மனப்பாடமா இருக்கு மேடம் எனக்கு."

"வெட்டின துண்டெல்லாம்?"

"குப்பைக்கூடையிலதான் மேடம் போட்டேன். வேற எங்க போடுவேன்?"

ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு படியிறங்கினார்கள். பேராசிரியை டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை அன்றைக்கு அந்த மேஜையில் சொன்னார்.

"எனக்கு அவர் குரல் மறந்துபோச்சுடி. தேடாத இடம் இல்ல. எத்தனையோ பேரோட பாட்டு இந்த மண்டைக்குள்ள இருக்கு. அவர் மட்டும் இல்ல. நான் செத்துப்போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும்னு இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். மாணவி முன்னால் அழக் கூடாது என்றெல்லாம் தோன்றவில்லை. பிசிறு எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு சார் குரல் ஞாபகம் இருக்கு."

பேராசிரியை நிமிர்ந்தார்.

"அப்போ நாங்கல்லாம் சாரை மாதிரிப் பேசிக் காட்டுவோம். கேன்டீன்ல. நான்தான் அதுல கில்லாடி. தப்பா நினைக்காதீங்க, சாரை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா! ஒரு நாள் பின்னாடியே நின்னு முழுசாக் கேட்டுட்டு, 'பரவாயில்லை, ஆனா நான் இன்னும் கொஞ்சம் அழகாப் பேசுவேன்'னு சொல்லிட்டு டீ வாங்கப் போயிட்டார்."

அழுகைக்கு நடுவே பேராசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் உத்தரவு போடுகிற அதே தோரணையில், "பேசிக் காட்டு" என்றார்.

"இப்பவா? ஐயோ, விட்டு எவ்வளவு காலம் ஆச்சு மேடம்."

"பேசிக் காட்டுன்னா காட்டேன்!"

பிசிறு எழுந்து நின்றாள். கதவைப் பார்த்துக்கொண்டாள், மாணவர்கள் யாராவது வந்துவிட்டால் மானம் போய்விடும். தோளில் கனத்த எந்திரம் தொங்குகிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நீங்க பட்டனை அமுக்கினதும், எந்த ஊர்ல இருந்தாலும், யார் பாடியிருந்தாலும், சார் ஒண்ணு சொல்வாரே மேடம்." நெஞ்சிலிருந்து கனமாகக் குரலை எடுத்தாள். "அப்பாடா! இனிமே நாம மனுஷங்க மாதிரிப் பேசலாம்!"

பேராசிரியையின் முகம் சட்டென்று சுளித்தது. அபஸ்வரம் கேட்டால் சுளிக்கிற சுளிப்பு. யோசிக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"தப்பு! 'அப்பாடா'வை நீ மேலேருந்து பிடிக்கிற. அவர் கீழேருந்து எடுப்பார், சோம்பல் முறிக்கிற மாதிரி. 'மனுஷங்க'ல இப்படி அழுத்த மாட்டார், வழுக்கிக்கிட்டுப் போவார். கடைசியில உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு ஓடும், ஆனா வெளிய விடமாட்டார். இதோ, இப்படி." பேராசிரியை பேசிக் காட்டினார். "அப்பாடா... இனிமே நாம மனுஷங்க மாதிரிப் பேசலாம்."

கரகரப்பும் கேலியும், சிரிப்பை அடக்குகிற அந்தக் குழைவும், எல்லாம் இருந்தன. வயசான ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் வந்தது அவர்தான். பிசிறு வாயைப் பொத்திக்கொண்டு, "சார்" என்றாள்.

பேராசிரியை அசையவில்லை. காதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது தீர்ந்துபோவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று அவசரமாக மறுபடி சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை வந்தது தன்னுடைய சொந்தக் குரல், பாடம் நடத்துகிற குரல். இன்னொரு தடவை சொன்னார். அதுவும் பேராசிரியையேதான். இன்னும் ஒரு தடவை சொன்னபோது வெறும் வார்த்தைகள்தான் மிஞ்சின.

பிசிறின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லுடி. இன்னொரு தடவை சொல்லு."

"சொல்றேன் மேடம். இந்தத் தடவை நீங்க சொன்ன மாதிரி கீழேருந்து எடுக்கிறேன், சரியா வருதான்னு பாருங்க."

"வேண்டாம், வேண்டாம். சரியாச் சொல்லாதே." பிள்ளைகள் பண்ணிய ஒரு தப்பைக்கூட ஆயுளில் மன்னித்தறியாத அந்த அம்மா கெஞ்சினார். "முன்ன சொன்ன மாதிரியே தப்பாச் சொல்லு."